நூற்றுப் பன்னிரண்டு சதவீதம்

புயல் கரையைக் கடந்த ஐந்தாம் நாள் திண்டிவனத்தில் ஆளாளுக்குத் திட்ட ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. கூரை போனவர்கள் காற்றைத் திட்டினார்கள். மீன்காரர்கள் ரோட்டைத் திட்டினார்கள். மரக்காணம் ரோட்டு விதைக் கம்பெனியில் நான் விற்ற பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்ட் போனா நாப்பது நிமிசம் தாங்கும்னு சொல்லித்தான குடுத்தீங்க?" என்றார் மேனேஜர் வேங்கடேசன். "பதினோரு நிமிசம். கரெக்டா பதினோரு நிமிசம். அதுக்கு மேல ஒரு மூச்சு இல்ல."

"கம்ப்யூட்டரு மட்டும் மாட்டியிருந்தா தாங்கும் சார்," என்றேன். "நீங்க அதே லைன்ல ஃபேன் ரெண்டு, டீ கெட்டில் ஒண்ணு, போன் சார்ஜரு ஒம்போது, சாமி படத்துக்கு சீரியல் லைட்டு, எல்லாம் மாட்டி வெச்சிருக்கீங்க. அது பேட்டரியா, கல்யாண மண்டபமா?"

"வியாபாரி பேச்சு பேசாதீங்க."

வேறு பேச்சு எனக்குத் தெரியாது. விழுப்புரத்தில் என் அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். வாங்கினவன் குறை சொல்வான், விற்றவன் கேட்டுக்கொள்வான், குரல் இறங்குகிற இடத்தில் டீ வரும். நான் பேட்டரிக்கு மாறினேன், வாய் மாறவில்லை. ஆனால் அன்றைக்கு டீ வரவில்லை. அறையின் மூலையில் பச்சை எழுத்து ஓடும் திரைக்கு முன்னால் அன்புச்செல்வி உட்கார்ந்திருந்தாள். எட்டு வருஷமாக அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க சார். இங்க வந்து இத்தப் பாருங்க. முப்பத்தி ஒண்ணாம் அட்டி, மொளைப்பு நூத்திப் பன்னெண்டு பர்சன்ட்டாம்."

மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கண்ணாடியை இறக்கி மறுபடி பார்த்தார். இரண்டு விதமாகப் பார்த்தாலும் நூற்றுப் பன்னிரண்டுதான்.

"நூறு வெத போட்டா நூத்திப் பன்னெண்டு செடி வருமா?" என்று கேட்டேன்.

"வரும்ணே," என்றாள் அன்புச்செல்வி. "பக்கத்து நெலத்துக்காரன் போட்டதும் நம்ம நெலத்துல வந்து மொளைச்சா வரும்."

சிரிக்க வைப்பதற்காக அவள் சொல்லவில்லை. அவள் குரல் வற்றியிருந்தது.

கிடங்கில் மூட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி அடுக்கிய குவியலை அட்டி என்பார்கள். அங்கே நாற்பத்திரண்டு அட்டி இருந்தது. ஆடிப் பட்டத்தில் விதைத்து, ஐப்பசியில் பிடுங்கி, காயவைத்துக் கொண்டுவந்த மல்லாட்டை. மார்கழிப் பட்டத்துக்கு விதையாகப் போக வேண்டும். அதிலும் எல்லாமே விதைக்கு ஆகாது. மழையில் நனைந்தது, பூஞ்சணம் பிடித்தது, முளைப்பு விழுந்தது என்று ஒரு பங்கு எண்ணெய் ஆட்டப் போகும். எது விதை, எது எண்ணெய் என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முன்பெல்லாம் மூட்டையின் மேலேயே விளைவித்தவர் பெயரும் முளைப்பும் சாயத்தில் எழுதியிருக்கும். அதில் ஒரு தொல்லை. விதை வாங்க வருகிறவன் பெயரைப் படித்துவிட்டுப் பேரம் ஆரம்பிப்பான். 'அவன் காடு களர், அந்த மூட்டை வேணாம்' என்பான். 'இவன் எங்க பங்காளி, இவன் வெதைய நான் கையால தொட மாட்டேன்' என்பான். இதற்கு முடிவு கட்ட வேங்கடேசன் ஒரு யோசனை செய்தார். பெயர் வேண்டாம், சதவீதம் வேண்டாம், வெறும் நம்பர் ஒட்டினால் போதும், மற்றதெல்லாம் பெட்டிக்குள். அன்றிலிருந்து மூட்டைகள் ஊமையாகிவிட்டன. யாரும் பேரம் பேசவில்லை. காகிதப் பதிவேடும் நின்றுபோனது. அதற்காகச் சென்னையில் ஒரு கூட்டத்தில் அவருக்குச் சால்வை கூடப் போட்டார்கள்.

பெட்டி என்றால் மேசை மேல் வைக்கிற கம்ப்யூட்டர் இல்லை. இடுப்புயரம், கன்னங்கரேல் என்று, ஒரு சின்ன பீரோ மாதிரி இருக்கும். ஏதோ மருந்துக் கம்பெனி கழித்துவிட்டதை வாங்கி வந்தது. நினைத்தால் அணைத்து நினைத்தால் போடுகிற ரகமும் இல்லை. ஒரு தடவை போட்டால் வருஷக்கணக்கில் தும்மாமல் ஓடும். அது எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பதினோராவது நிமிஷம் வந்திருக்கிறது. திரும்ப எழுந்தபோது ஒரு அட்டியின் நம்பருக்கு நேராக இன்னொரு அட்டியின் முளைப்பு நின்றது. கண்டமங்கலத்து விவசாயி பெயரில் மயிலத்து நிலம் ஏறியிருந்தது.

எல்லாமே தப்பாக இருந்தால் கூட ஒரு நிம்மதி. தூக்கிப் போட்டிருக்கலாம். சிலது சரியாக இருந்தது, சிலது தப்பாக இருந்தது, எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நூற்றுப் பன்னிரண்டு யோக்கியமான தப்பு. பார்த்தவுடன் தப்பு என்று ஒப்புக்கொள்கிறது. பக்கத்து வரியில் எண்பத்தாறு என்று மரியாதையாக உட்கார்ந்திருக்கிற எண்ணை எப்படிச் சந்தேகப்படுவது?

"டேப்பு இருக்குல்ல?" என்றார் மேனேஜர்.

"இருக்குது சார். தெனம் எடுத்துக்கினுதான இருக்கேன்."

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டியில் உள்ளதையெல்லாம் உள்ளங்கை அகல டேப்பில் நகல் எடுப்பது அவள் வேலை. திங்கள் முதல் சனி வரை ஆறு டேப்பு. மாசக் கடைசிக்கு ஒன்று, அது மேனேஜர் வீட்டு பீரோவில். எடுத்து முடித்ததும் நீளமான நோட்டில் தேதி போட்டு 'பேக்கப் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எட்டு வருஷம், ஒரு நாள் விடவில்லை.

சனிக்கிழமை டேப்பைப் போட்டாள். உள்ளே மணல் அரைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டேப்பைத் துப்பிவிட்டது. வெள்ளியைப் போட்டாள். வியாழனைப் போட்டாள். செவ்வாய்க்கு வரும்போது மேனேஜர் நாற்காலியைத் தேடினார். மேனேஜர் வீட்டு டேப்பும் வந்தது, அதுவும் அப்படியே.

நான் மெதுவாக, "அப்ப பேட்டரி..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க வாய மூடுங்க," என்றார்.

சென்னையிலிருந்து என்ஜினியர் வர ஒரு வாரம் ஆனது. பாலத்தில் தண்ணீர் என்றார்கள், பிறகு வண்டி இல்லை என்றார்கள், பிறகு போனை எடுக்கவில்லை. பேட்டரி மாற்றும் சாக்கில் நானும் தினம் போய்க்கொண்டிருந்தேன். உண்மையில் அன்புச்செல்விக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, அவள் வீட்டுக்காரன் தேவசகாயத்துக்காகப் போனேன். எங்கள் மண்டியில் மூட்டை தூக்கியவன். இப்போது விழுப்புரம் மார்க்கெட்டில் தூக்குகிறான். அப்பா மண்டியை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் என்னைச் சின்ன மொதலாளி என்றுதான் கூப்பிடுவான். மரியாதைக்கா, கிண்டலுக்கா என்று கேட்டால் இரண்டுக்கும் சேர்த்து என்பான்.

ஒரு நாள் அவனும் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அன்புச்செல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நெலம் இன்னா பதத்துல கீது?" என்று கேட்டாள்.

"தண்ணி வடிஞ்சிடுச்சு. இன்னும் நாலு வெயிலு அடிச்சா ஏரு பூட்டலாம். கால வெச்சா முட்டி வரைக்கும் போனது இன்னிக்குக் கணுக்கால்தான் போவுது." அவன் டீயை ஆற்றினான். "நேத்து அவரு போன் பண்ணாரு."

அவர் என்றால் நிலத்துக்காரர். கண்டமங்கலத்தில் ரெண்டு ஏக்கர். பையன்கள் புதுச்சேரியில் வேலைக்குப் போய்விட்டதால் விளைச்சலில் பங்கு பேசி தேவசகாயத்துக்கு வாரத்துக்கு விட்டிருந்தார். இவர்கள் வீட்டில் யார் நினைவுக்கும் எட்டிய வரை அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர்கள், நாற்று நட்டவர்கள், மூட்டை தூக்கியவர்கள். எதை எப்போது விதைப்பது என்று தாங்களே முடிவு செய்கிற நிலம் இதுதான் முதல்.

"இன்னா சொன்னாரு?"

"மார்கழி பத்துக்குள்ள வெத வுழுவணும், இல்லன்னா வேற ஆளு ரெடியா கீறான், மனசுல வெச்சுக்காத தேவசகாயம்னாரு. நல்ல மனுசன். திட்டவே இல்ல. அதான் பயமா கீது."

"மார்கழி பத்துன்னா கிறிஸ்மஸ்."

"ஆமா. கேக்கு வெட்டறதுக்கு பதிலு ஏரு ஓட்டலாம். வெத எங்க?"

அவள் ரோட்டுக்கு எதிர்ப்புறம் கிடங்கைப் பார்த்தாள். புயலில் இரண்டு தகரம் பறந்து, தார்ப்பாய் கட்டியிருந்தது. உள்ளே நாற்பத்திரண்டு அட்டி. விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற கம்பெனி; உறுப்பினர் என்ற முறையில் அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. வெளியில் எங்கும் விதை இல்லை, இருந்ததெல்லாம் நனைந்து போனது.

"வெத இருக்குது," என்றாள். "எதுன்னுதான் தெரியல."

என்ஜினியர் பெயர் அறிவுச்செல்வன். ஒல்லி, சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். வந்தவுடன் தண்ணீர் கேட்டான், பிறகு டேப்பு ஓட்டுகிற பாகத்தை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்தான். மூடியைத் திறந்தான். முகர்ந்து பார்த்தான்.

"என்ன சார், கோயில் வாசனை வருது?"

அவன் வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்தான். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு டேப்புகளைத் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொன்றின் நெற்றியிலும் முதுகிலும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து பொருக்காகியிருந்தது. பாதி உதிர்ந்திருந்தது. உதிர்ந்த பாதி எங்கே என்று துணியைப் பார்த்தால் தெரிந்தது.

"ஆயுத பூஜை," என்றார் வேங்கடேசன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"டேப்புக்குமா சார்?"

"அதுவும் ஆயுதம்தானங்க. வருசா வருசம் பெட்டிக்கு மட்டும்தான் வெப்பேன். இந்த வருசம் லோடு நெறைய வரப்போவுது, டேப்புக்கும் ஆயுசு கெட்டியா இருக்கட்டுமேன்னு..." கொஞ்சம் நிறுத்தி, "வூட்ல இருந்த மாசக் கடைசி டேப்பயும் கொண்டாந்து வெச்சேன்," என்றார்.

என்ஜினியர் அந்தப் பாகத்தின் முகப்பைத் தடவினான். அங்கேயும் ஒரு பொட்டு. நகத்தால் சுரண்டினான். அடியில் கடுகளவு விளக்கு ஒன்று இருந்தது. "அழுக்காயிட்டா இது மஞ்சளா எரியும். கிளீன் பண்ணச் சொல்லும். ரெண்டு மாசமா எரிஞ்சிட்டுதான் இருந்திருக்கும். சந்தனத்துக்கு அடியில." பிறகு அன்புச்செல்வி பக்கம் திரும்பினான். "மேடம், ஸ்கிரீன்லயும் கேட்டிருக்குமே?"

கேட்டிருந்தது. எழுதும்போது இடறினால் பெட்டி ஒரு கேள்வி கேட்கும். நிறுத்தவா, கண்டுகொள்ளாமல் போகவா, திரும்பப் பார்க்கவா? சி, ஐ, ஆர் என்று மூன்று எழுத்து. ஒன்றைத் தட்ட வேண்டும்.

"ஐ போட்டேன்," என்றாள்.

"எத்தன தடவ?"

"தெனம்."

"கண்டுக்காதன்னு தெனமுமா? யாரு மேடம் அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"உங்க ஆபீசுலேர்ந்து வந்தவருதான் சார். மொத வருசம் ஒரு தடவ இப்பிடி வந்துச்சு. போன் பண்ணேன். சும்மா ஐ போட்டுப் போய்க்கினே இருங்க, அது அப்பிடித்தான் கத்தும்னாரு."

அவன் இருமினான். தண்ணீர் குடித்தான்.

"சந்தனம் இருந்தது தெரியும்ல? தொடச்சிருக்கலாமே."

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் நோட்டைப் பார்த்தாள்.

எல்லா டேப்புகளையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சென்னைக்கு எடுத்துப் போனான். மூன்று நாள் கழித்து ஒரே வரியில் செய்தி வந்தது. பூஜைக்கு முந்தையது கொஞ்சம் படிக்க வருகிறது, பிந்தையது ஒன்றும் இல்லை. ஐப்பசி மல்லாட்டை கிடங்குக்கு வந்ததே பூஜைக்குப் பிந்தி.

அன்று சாயங்காலம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ஒரு லெட்டரு குடுத்துடும்மா. ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு. சும்மா ஃபைலுக்கு. வேலைக்கு ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கறேன்."

"யோசிச்சு சொல்றேன் சார்," என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ் பாதிதான் ஓடிக்கொண்டிருந்தது. தேவசகாயமும் அவளும் என் குட்டியானை வண்டியில் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் நான், நடுவில் அவன், ஓரத்தில் அவள். கூட்டேரிப்பட்டைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் நிலமெல்லாம் கண்ணாடி பதித்த மாதிரி தண்ணீர். சாய்ந்த மின்கம்பங்களில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏன் தொடைக்கல?" என்றான் தேவசகாயம்.

"நீயுமா?"

"நான் கேக்காம யாரு கேப்பா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பூஜ போட்டு, பொரி குடுத்தாங்க. நானும்தான் வாங்கித் துன்னேன். அடுத்த வேல நாளு காலைல டேப்ப எடுத்தா கைல ஒட்டுது. தொடைக்கலாம்னு துணிய நனைச்சு எடுத்துக்கினு வந்தேன். ஆபீசுல நாலு பேரு பாத்துக்கினு இருந்தாங்க. துணிய வெச்சிட்டேன்."

"தொடச்சா இன்னா?"

"வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, வந்து குங்குமத்தத் தொடச்சிட்டான்னு பேச்சு வரும். எட்டு வருசம் ஒரு வார்த்த கேக்காம இருந்துக்கினு கீறேன். ஒரு துணியால அத்தக் கெடுத்துக்கணுமா? அப்பிடின்னு நெனச்சேன். இப்ப எல்லாத்தயும் சேத்துக் கெடுத்துக்கினேன்."

இந்த மாதிரிக் கணக்கெல்லாம் தேவசகாயத்துக்கும் தெரியும். மண்டியில் எந்தத் தம்ளரில் டீ குடிப்பது என்று யோசித்தவன் அவன். அந்தத் தம்ளர் எங்கள் மண்டியுடையது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும்போது அவன் தொண்டையைச் செருமினான். "சின்ன மொதலாளி, நீயே சொல்லு. உங்க அப்பா என்னிக்காவது குத்தூசி போடாம மூட்ட வாங்கியிருக்காரா?"

"பொண்ணு குடுத்த மாமனார் மூட்டையா இருந்தாலும் குத்துவாரு," என்றேன். குத்தூசி என்பது ஒரு சாண் நீள இரும்பு. நடுவில் பள்ளம். மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருப்பது நாலு பருப்பு பள்ளத்தில் வந்துவிடும். மேலே நல்ல சரக்கு, நடுவில் சொத்தை என்ற வித்தையெல்லாம் அதனிடம் பலிக்காது.

"இவ எட்டு வருசமா தெனம் ஒரு மூட்ட கட்டியிருக்கா. மேல ஓகேன்னு எழுதியிருக்கா. ஒரு நாளு கூடக் குத்திப் பாக்கல."

"ஆமாய்யா, பாக்கல. போதுமா?" என்றாள். "எவனும் எனக்குக் குத்தூசி குடுக்கல. நோட்டுதான் குடுத்தாங்க."

"கோவிச்சுக்காத. சும்மா சொன்னேன்."

"நீ சும்மா சொல்லல." வரிசை நகர்ந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச தூரம் போனபின் வேறு குரலில் சொன்னாள்: "டேப்பக் குத்த முடியாது. மூட்டையக் குத்தலாம்ல?"

மறுநாள் அவள் சொன்னதைக் கேட்டு வேங்கடேசன் கையைக் கையை ஆட்டினார். முளைப்புச் சோதனைக்குப் பத்து நாள் வேண்டும், லேபில் கரண்ட் இன்னும் சரியாகவில்லை, சர்டிபிகேட் யார் தருவார்கள் என்று அடுக்கினார்.

"சர்டிபிகேட்டுக்குத்தான் சார் பத்து நாளு," என்றாள். "மண்ணுக்கு அஞ்சு நாளு போதும். ஈரச் சாக்குல சுத்தி வெச்சா மொளைக்கிறது மொளைச்சிடும்."

"அஞ்சு நாளு கழிச்சு அத்தினியும் மொளைக்கலன்னா?"

"அப்ப நூத்திப் பன்னெண்ட நம்பிக்கலாம் சார்."

எங்கள் வீட்டுப் பரணிலிருந்து குத்தூசியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மல்லாட்டைக் காய்க்கு அது சிறியது என்று தேவசகாயம் ஒரு குழாயைச் சீவிப் பெரிதாக இன்னொன்று செய்துகொண்டான். அட்டி மேல் ஏறி, அடியில் நுழைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, ஒவ்வொரு அட்டியிலும் பத்து மூட்டையைக் குத்தி எடுத்தான். கேட்டு வாட்ச்மேன் வல்லரசும் லோடு ஆட்களும் சுற்றி உட்கார்ந்து தோல் உரித்தார்கள். அட்டிக்கு நூறு பருப்பு, நாற்பத்திரண்டு அட்டி. மூன்றாவது அட்டியிலேயே எல்லோருக்கும் கட்டை விரல் எரிந்தது. ஒருவன் உரித்ததைத் தின்றான். அன்புச்செல்வி எண்ணும்போது தொண்ணூற்றாறுதான் இருந்தது.

"நாலு யாரு வயித்துல மொளைக்கிது?" என்று கேட்டாள். ஆள் எழுந்து போய் நாலு உரித்துப் போட்டான்.

ஒவ்வொரு நூறையும் நனைத்த சாக்குத் துண்டில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கட்டியால் நம்பர் போட்டாள். நாற்பத்திரண்டு சுருள். லேப் தரையில் துணி போட்டுப் படுக்கவைத்த பிள்ளைகள் மாதிரி கிடந்தன. காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்து தெளித்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் அறையில் ஈரச் சாக்கும் பச்சைப் பருப்பும் கலந்த வாடை. நாலாம் நாள் மேனேஜர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் சுருள்களைப் பிரித்தாள். சிலதில் வெள்ளை வேர் விரல் நீளத்துக்கு வந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. சிலதில் பருப்பு கொழகொழத்துப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு சதவீத முப்பத்தொன்றாம் அட்டியில் பத்தொன்பது முளைத்திருந்தது. பெட்டி நாற்பத்தொன்று என்று காட்டிய இருபத்து மூன்றாம் அட்டியில் எண்பத்தெட்டு.

அன்றைக்கு மார்கழி ஏழு. நிலம் பதத்துக்கு வந்துவிட்டது என்று தேவசகாயம் போன் செய்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் பேட்டரிக்கடையைப் பார்க்கப் போயிருப்பேன். ஆனால் கிடங்கிலிருந்து ஒரு மூட்டை வெளியே போக வேண்டுமென்றால் பெட்டி அச்சடித்த சீட்டு வேண்டும். சரியான எண்களைப் பெட்டியில் ஏற்றலாம் என்றால், கெட்டுப்போன பதிவில் கை வைத்தால் மிச்சமும் போய்விடும், பொங்கலுக்கு அப்புறம் நான் வந்து பார்க்கிறேன் என்று போனில் அறிவுச்செல்வன் சொல்லிவிட்டான். தொடாவிட்டாலும் சீட்டு வராது, தொட்டாலும் சீட்டு வராது. இதைச் சொல்லிச் சொல்லியே மார்கழி எட்டும் போனது.

ஒன்பதாம் தேதி காலை குட்டியானையைக் கேட்டில் நிறுத்தினேன். தேவசகாயம் பின்னால் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான். வல்லரசு எழுந்து வந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காத. நானும்தான் உன்கூட ஒக்காந்து தோலு உரிச்சேன். ஆனா சீட்டு இல்லாம ஒரு மூட்ட போனாலும் என் வேல போயிடும். பெட்டி அடிச்ச சீட்டு வேணும்."

அவள் உள்ளே போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இருபத்து மூன்று என்று தட்டினாள். முளைப்பு போதாது, விதைக்கு ஆகாது என்று பெட்டி மறுத்தது. சும்மா முப்பத்தொன்று என்று தட்டினாள். அச்சு இயந்திரம் உற்சாகமாகச் சத்தம் போட்டு, வரிசை கோணாமல், கறுத்த எழுத்தில் ஒரு சீட்டைத் துப்பியது. முளைப்பு நூற்றுப் பன்னிரண்டு, விதைக்கு உகந்தது.

எனக்கு மண்டி மூளை வேலை செய்தது. "அன்பு, இந்தச் சீட்டையே எடுத்துக்க. மூட்டைய இருபத்தி மூணுலேர்ந்து ஏத்து. வல்லரசுக்குச் சீட்டு ஆச்சு, உனக்கு வெத ஆச்சு. யாரு பாக்கப் போறா?"

"பெட்டி பாக்கும்ணே," என்றாள். "முப்பத்தொண்ணு நல்ல வெதன்னே நெனச்சுக்கினு இருக்கும். இருபத்தி மூணு எண்ண ஆட்டப் போயிடும். அந்தப் பத்தொம்போது மொளைப்பு இன்னொருத்தன் நெலத்துக்குப் போவும். அவனும் வாரத்துக்கு எடுத்தவனா இருப்பான்." சீட்டைக் கிழித்துப் போட்டாள். "இதுவும் ஐ போடற மாதிரிதான."

மறுபடி இருபத்து மூன்று என்று தட்டினாள். பெட்டி மறுபடி மறுத்து, அதே மூன்று எழுத்துக் கேள்வியைக் கேட்டது. அவள் சி தட்டினாள். நிறுத்து. திரை வெறும் பச்சைப் புள்ளியோடு நின்றது.

பையிலிருந்து மேனேஜர் கொடுத்த வெள்ளைத் தாளை எடுத்து, மடிப்பை நீவிவிட்டு எழுத ஆரம்பித்தாள். நின்றபடியே படித்தேன்.

'அட்டி 23. பெட்டியில் முளைப்பு 41. ஈரச் சாக்கில் நூற்றுக்கு 88. இரண்டு முறை எண்ணியது அன்புச்செல்வி. கண்டமங்கலம் தேவசகாயத்துக்கு விதையாக அனுப்பலாம். ஆயுத பூஜைக்குப் பிறகு எடுத்த பேக்கப் எதுவும் ஓகே இல்லை. திரையில் கேட்டதை நான் கண்டுகொள்ளவில்லை. டேப்பில் சந்தனம் இருந்ததைப் பார்த்தேன், துடைக்கவில்லை. பூசியவர்: மேனேஜர்.' கீழே தன் கையெழுத்து. பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம்.

விதையும் கடிதமும் ஒரே தாளில். ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். என் அப்பா இருந்திருந்தால் அவளுக்கு மண்டியில் பங்கு கொடுத்திருப்பார்.

வேங்கடேசன் போனில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தாளை நீட்டியதும், அவர் வழக்கப்படி, பேச்சை நிறுத்தாமல் பேனா மூடியைக் கழற்றி, தாளின் அடியில் இடத்தைத் தேடினார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். போனைக் கீழே வைத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தார். பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். வெளியே தேவசகாயம் ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு, அடித்தது தப்பு என்பது போல நிறுத்திக்கொண்டான்.

"இந்தக் கடசி வரி வேணுமாம்மா?"

"இருக்கட்டும் சார். சேத்துத்தான் சீட்டு."

"ஃபைலுக்குப் போவும்மா இது."

"ஆமா சார். நீங்க கேட்ட லெட்டருதான்."

அவர் பேனாவை இரண்டு தடவை உருட்டினார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மேனேஜர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'வேங்கடேசன்' என்று தன் பெயரையும் சேர்த்து எழுதினார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்டில் வல்லரசு தாளை முன்னும் பின்னும் திருப்பினான். "அச்சுல இல்லையேக்கா."

"கையெழுத்து இருக்குதுல்ல."

"இருக்குது."

"அப்ப படி."

அவன் உதடு அசைய, எழுத்து எழுத்தாகப் படித்தான். சந்தனம் வரும் இடத்தில் ஆபீஸ் பக்கம் ஒரு தடவை பார்த்தான். கடைசி வரிவரை போனான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போய்க் கேட்டைத் திறந்தான்.